99 நொடிச் சண்டைக்கு எழுதிய கண்ணீர்க் கதை

'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' வீடியோ கேமில் ஸ்டிக்கைக் கீழே அழுத்தி, அப்படியே முன்பக்கமாகக் கால் வட்டம் சுழற்றி, ஒரு குத்து பட்டன். அவ்வளவுதான், ரியூ என்ற வீரனின் கைகளிலிருந்து நீல ஒளி உருண்டை ஒன்று கிளம்பிவிடும். ஒரு நொடிகூட ஆகாது. ஆனால் 1995-ல் ஜப்பான் டிவியில் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வி' தொடரில் இதே ரியூ ஹடோகென் என்கிற இதே ஒளி உருண்டையை விடுவதைப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒருவழியாக அந்த நேரம் வரும்போது காற்று சுழல்கிறது, தலைமுடி எழும்புகிறது, இரு உள்ளங்கைக்கும் நடுவே வெளிச்சம் மெல்ல மெல்லத் திரள்கிறது. எதிரி என்ன செய்கிறான்? பொறுமையாக நிற்கிறான். நடுவில் ஓடிவந்து ஒரு அறை விட்டால் கதை முடிந்துவிடும் என்று அவனுக்குத் தோன்றுவதே இல்லை.

அதை விடும்போது ரியூ அதன் பெயரைக் கத்துவான். சின்ன வயதில் அந்தக் கூச்சல் என் காதில் 'ஆடூகென்' என்றுதான் விழுந்தது. அதற்கு ஜப்பானிய மொழியில் 'அலையாய்ப் பாயும் குத்து' என்பது போல ஒரு பொருள் இருக்கிறது என்று தெரியவே பல வருடம் ஆனது. தெரிந்தபோது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

1992-லிருந்து 1990-களின் கடைசி வரை, சண்டை கேம்களை வைத்து ஜப்பானில் எடுத்த அனிமேக்கள், அதாவது கார்ட்டூன் படங்கள், ஒரு தனி ரகம். அவற்றை நல்ல படங்கள் என்று யாரும் அடித்துச் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் ஒருமுறை பார்த்தவர்கள் விடுவதில்லை. அந்த அசட்டு அழகு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், காசு இல்லை, நேரம் இல்லை என்ற வழக்கமான காரணங்களுக்குப் பின்னால் இன்னொன்று தட்டுப்படுகிறது. இந்தப் படங்களை எடுத்தவர்கள் கேமுக்கு ரொம்பவும் விசுவாசமாக இருந்தார்கள். கேமில் மட்டுமே நியாயமாகத் தெரியும் விஷயங்களைப் படத்துக்குள் அப்படியே தூக்கிவந்து, துளிக்கூடச் சிரிக்காமல் காட்டினார்கள்.

ஒரு சண்டை கேமில் கதை என்று என்ன இருக்கிறது? ஒரு போட்டி நடக்கிறது. உலகின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஒவ்வொருவரும் ஏன் வந்தார்கள் என்பதற்கு ஒரு வரி, ஜெயித்தால் கடைசியில் நாலைந்து படம், நாலைந்து வரி. 1991-ல் காப்காம் என்ற ஜப்பானிய நிறுவனம் வெளியிட்ட 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' கேமில் விளையாட எட்டுப் பேர், கடைசியில் மோத நான்கு பேர், ஒரு சுற்றுக்கு 99 என்று எண்ணத் தொடங்கும் கடிகாரம். இதை வைத்து ஒன்றரை மணி நேரப் படம் எடு என்றால் எழுத்தாளர் எங்கே போவார்? பழிவாங்கல், செத்துப்போன அப்பா, பிரிந்த அண்ணன் தம்பி, உயிரைக் கொடுக்கும் காதலி. மசாலா படம் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தச் சரக்கு எதுவும் புதிதல்ல.

இதில் முந்திக்கொண்டது காப்காம் இல்லை, அதன் போட்டியாளரான எஸ்என்கே. அவர்களுடைய 'ஃபேட்டல் ஃபியூரி' கேமும் 1991-ல் வந்ததுதான். அதிலேயே ஒரு கதைக் கரு தயாராக இருந்தது. டெர்ரி, ஆண்டி என்று இரண்டு சகோதரர்கள். வளர்ப்புத் தந்தை ஜெஃப் போகார்டைக் கீஸ் ஹோவர்ட் என்கிற தாதா கொன்றுவிடுகிறான். பத்து வருடம் கழித்துப் பழி. இதை வைத்து எடுத்த டிவி ஸ்பெஷல் 1992 டிசம்பர் 23-ல் ஃபுஜி டிவியில் வந்தது. அப்போதைய பேரரசர் அகிஹிட்டோவின் பிறந்தநாள் அது, நாடு முழுக்க விடுமுறை, பையன்கள் எல்லாம் வீட்டில். அதே மாதம்தான் இரண்டாவது ஃபேட்டல் ஃபியூரி கேமும் கடைகளில் உள்ள இயந்திரங்களுக்கு வந்தது. படம் எதற்கு விளம்பரம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது.

ஆனால் விளம்பரம் என்று கைகழுவிவிட முடியாத ஏதோ ஒன்று அதில் ஒட்டிக்கொண்டது. கதை நடக்கும் சவுத் டவுன் அமெரிக்காவில் இருப்பதாகச் சொல்லப்படும் ஊர். உண்மையில் ஜப்பானியர்கள் ஹாலிவுட் படங்களைப் பார்த்துக் கற்பனை செய்த அமெரிக்கா அது. நியான் விளக்கு, துறைமுகம், மதுக்கடை, தாதா. ஹீரோ சிவப்புத் தொப்பி, சிவப்பு ஜாக்கெட், ஜீன்ஸ். கேமில் ஜெயித்ததும் தொப்பியைத் தூக்கி எறிந்து 'ஓகே!' என்று கத்துவான். இப்படி ஒருவன் நிஜ அமெரிக்காவில் எங்கும் இருக்க மாட்டான் என்பதே அவனிடம் உள்ள கவர்ச்சி.

அடுத்த ஆண்டு ஜூலையில் வந்த இரண்டாம் ஸ்பெஷல் இன்னும் ஒரு படி மேலே. டெர்ரி இந்த முறை வுல்ஃப்காங் க்ராவ்சர் என்ற ஜெர்மானியப் பிரபுவிடம் தோற்கிறான். தோற்ற ஹீரோ குடிக்க ஆரம்பிக்கிறான். தாடி வளர்கிறது, தெருவில் உருள்கிறான். டோனி என்ற சின்னப் பையன் ஒருவன் அவனையே தெய்வமாக நினைத்துப் பின்னாலேயே அலைகிறான். கேமில் தோற்றால் என்ன ஆகும்? திரையில் பத்திலிருந்து இறங்குமுகமாக எண்ணும், இன்னொரு காசைப் போட்டால் மறுபடி ஆட்டம். அந்தப் பத்து எண்ணிக்கைதான் படத்தில் தேவதாஸ் கட்டமாக நீள்கிறது. அசட்டுத்தனம்தான். ஆனால் தோற்ற கடுப்பில் இயந்திரத்தின் முன்னால் அடுத்த காசைத் தேடிப் பையைத் துழாவிய எவனுக்கும் டெர்ரியின் நிலைமை புரியும்.

இந்த வரிசையைப் பற்றிப் பேசும்போது மசாமி ஒபாரியை விட்டுவிட முடியாது. முதல் ஸ்பெஷலிலிருந்தே பாத்திரங்களின் உருவத்தை வரைந்தவர் அவர். 1994 ஜூலையில் திரையரங்குக்கு வந்த ஃபேட்டல் ஃபியூரி படத்தை இயக்கியவரும் அவர்தான். ஒபாரி ரோபோ அனிமேயிலிருந்து வந்தவர். அதை மனதில் வைத்துக்கொண்டு இந்தப் படங்களைப் பார்த்தால் நிறைய விளங்கும். கத்தி முனை போல மூக்கு, மலை போலத் தோள், ஒட்டிய இடுப்பு, முடிவில்லாமல் நீளும் கால்கள். யாராவது அடிக்கத் தயாராகும்போது உடம்பைத் திருப்பி, ஒரு கையைக் கேமராவை நோக்கி நீட்டி, ஒரு கணம் அப்படியே நிற்பார்கள். பெரிய வாளை உருவி நிற்கும் ரோபோ நிற்கிற அதே நிலை. மனிதர்களை அவர் இயந்திரங்களைப் போல வரைந்தார். கேமில் வருபவர்களும் ஒருவகையில் இயந்திரங்கள்தானே, பட்டனை அழுத்தினால் அதே அடி, அதே கோணம், அதே வேகம்.

அந்தத் திரைப்படத்தின் கதையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். லாவோகார்ன் என்றொருவன் செவ்வாய்க் கடவுளின் கவசத்தைத் துண்டு துண்டாகத் தேடிச் சேர்க்கிறான். முழுக் கவசமும் சேர்ந்தால் அவன் கடவுளுக்கு நிகர். அவனைத் தடுக்க அவனுடைய தங்கை சூலியா டெர்ரியிடம் உதவி கேட்டு வருகிறாள். தெருச்சண்டையில் தொடங்கிய தொடர் மூன்றாவது சுற்றில் புராணத்துக்குப் போய்விட்டது. தங்கச்சி சென்டிமென்ட், ஹீரோ மீது காதல், கடைசியில் தியாகம் என்று சகலமும் உண்டு. நடுநடுவே மாய் ஷிரானுய் என்ற வீராங்கனையின் உடையைக் காரணமே இல்லாமல் கிழிக்கும் சமாசாரமும் உண்டு. அது அன்றே சங்கடம்தான், அழகு என்ற கணக்கில் அதைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, ஒவ்வொரு அடிக்கும் அதன் பெயரை ஏன் உரக்கக் கத்துகிறார்கள்? 1972-ன் 'மாசிங்கர் இசட்' காலத்திலிருந்தே ஜப்பானிய ரோபோ தொடர்களில் ஆயுதத்தின் பெயரைக் கூவிவிட்டு ஏவும் வழக்கம் இருந்தது. சண்டை கேம்கள் அதை எடுத்துக்கொண்டதில் நடைமுறை லாபமும் இருந்தது. இயந்திரத்தின் நினைவகத்தில் குரலுக்கு இடம் மிகக் கொஞ்சம், நீண்ட வசனம் எதுவும் வைக்க முடியாது. இரண்டு மூன்று அசையில் ஒரு கூச்சல் வைக்கலாம். அந்தக் கூச்சல் வந்தால் ஸ்டிக்கைச் சரியாகச் சுழற்றிவிட்டோம் என்று ஆடுபவனுக்குத் தெரிந்துவிடும். அதாவது அது ஒரு ரசீது. படத்தில் ஸ்டிக்கும் கிடையாது, பட்டனும் கிடையாது, ரசீதுக்கு வேலையும் கிடையாது. இருந்தாலும் டெர்ரி தரையைக் குத்திக்கொண்டே 'பவர் வேவ்!' என்று கத்தியாக வேண்டும். கத்தாவிட்டால் பார்க்க வந்தவன் அதைப் பவர் வேவ் என்று ஒத்துக்கொள்ள மாட்டான்.

தயாரிப்பு வசதியும் இதோடு கைகோத்துக்கொண்டது. படச்சுருளில் ஒரு நொடிக்கு 24 சட்டம், அதாவது ஃபிரேம். டிவி அனிமேயில் ஒரே ஓவியத்தை மூன்று சட்டத்துக்கு வைத்து எடுப்பது வழக்கம், அப்போது நொடிக்கு எட்டு ஓவியம் போதும். உரையாடலுக்கு அது தாங்கும், சண்டைக்குத் தாங்காது. இரண்டு உடம்புகள் பிணைந்து உருளும் காட்சியை வரைய ஆளும் நேரமும் நிறைய வேண்டும். ஒருவன் அசையாமல் நின்று கத்துவதற்கும், அவனுக்குப் பின்னால் கோடுகள் பறப்பதற்கும், ஒளி திரள்வதற்கும் அவ்வளவு வேண்டாம். ஒருமுறை வரைந்த ஒளி திரளும் காட்சியை அடுத்த வாரமும் போடலாம், அதற்கடுத்த வாரமும் போடலாம். ரியூவின் ஹடோகென் டிவியில் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதற்கு ஆன்மிகக் காரணமும் இருக்கலாம்தான். ஆனால் சேமிப்பும் சாதாரணமில்லை.

1994 ஆகஸ்டில் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' திரைப்படத்துக்கு இந்தப் பஞ்சம் இல்லை. இயக்குநர் கிசாபுரோ சுகிய். கென்ஜி மியாசாவாவின் கதையை எடுத்துக்கொண்டு, மனிதர்களுக்குப் பதில் பூனைகளை ரயிலில் ஏற்றி, 1985-ல் மிக அமைதியான ஒரு படம் எடுத்தவர். அவரிடம் இந்தத் தெருச்சண்டையைக் கொடுத்திருக்கிறார்கள். மோதல்களை வடிவமைக்க கே-1 கிக்பாக்சிங் போட்டியைத் தொடங்கிய கசுயோஷி இஷியின் ஆலோசனையும் கிடைத்தது. தொடக்கமே நல்ல தொடக்கம். புயல் இரவு, புல்வெளி, ரியூவும் அவன் எதிரி சகாத்தும். வசனம் கிட்டத்தட்ட இல்லை. மழையும் மின்னலும் அடியும்தான். சகாத்தின் மார்பைக் கிழித்துக்கொண்டு ஒரு குத்து மேலேறுகிறது. கேமில் அவன் மார்பில் பார்த்துப் பழகிய தழும்பு எப்படி வந்தது என்று அங்கே காட்டிவிடுகிறார்கள்.

படத்தின் பெரிய சிக்கல் ஆள் கணக்கு. அதற்குள் கேமில் 16 பேர் ஆகிவிட்டார்கள், ஒருவரையும் விட முடியாது. ஒவ்வொருவருக்கும் எங்கேயாவது ஒரு விசிறி இருப்பான். அதனால் படம் ஊர் ஊராகப் பறக்கிறது. சியாட்டிலில் ரியூவின் நண்பன் கென்னை டி. ஹாக் வம்புக்கு இழுக்கிறான். லாஸ் வேகாஸில் பிளாங்காவும் ஸாங்கியெஃபும் மோதுகிறார்கள். கல்கத்தாவில் டால்சிம்முக்கும் சுமோ வீரர் ஹோண்டாவுக்கும் சண்டை, அங்கே சந்தை நடுவில் கடைபோட்டு உட்கார்ந்திருக்கும் ஒருவரைக் கூர்ந்து பார்த்தால், கேமில் ஒளிந்திருக்கும் வீரன் அகுமா. இவர்களையெல்லாம் கதைக்குள் கட்ட ஒரு நூல் வேண்டுமே? வில்லன் பைசன் உலகம் முழுக்கக் கண்காணிப்பு ரோபோக்களை அனுப்பியிருக்கிறான். மனிதத் தோற்றம், கண்ணில் கேமரா. சண்டைகளைப் பார்த்து இவனுக்கு இவ்வளவு பலம் என்று அளந்து தலைமையகத்துக்கு அனுப்பும். வீரர்களை வரிசையாக நிறுத்தி ஒவ்வொருவரின் பலத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ரோபோ யார்? ஆளைத் தேர்ந்தெடுக்கும் திரையின் முன்னால் நிற்கும் பையன்தான். இது எழுதியவர்களுக்குத் தெரிந்து செய்ததா, தானாக அமைந்ததா என்பதில் எனக்குத் தீர்மானம் இல்லை. எப்படியானாலும் நல்ல யோசனை.

இந்தப் படத்தில் அசட்டுத்தனம் முழுக்க விலகி நிற்கும் இடம் ஒன்று உண்டு. கேமின் வீராங்கனை சுன்-லியின் வீடு. இரவு. அவளைக் கொல்லப் பைசனின் ஆள் வேகா வந்திருக்கிறான், முகமூடியும் கையில் நீண்ட உலோக நகமும். அவள் தூங்கப் போகும் உடையில் இருக்கிறாள், வெறுங்கால். இதற்கு முந்தைய குளியல் காட்சி தேவையில்லாத ஒன்று, வெளிநாட்டுப் பதிப்புகளில் அதில் கத்தரி விழுந்ததில் வியப்பில்லை. ஆனால் சண்டை தொடங்கியதும் எல்லாம் மாறிவிடுகிறது. யாரும் நின்று பேசுவதில்லை, அடிகளின் பெயரைக் கூவுவதில்லை. சுன்-லியின் மூச்சு கேட்கிறது. கீறல் விழுந்தால் வலிக்கிறது. நகத்தில் ஒட்டிய ரத்தத்தை வேகா நக்குகிறான். சோபா பறக்கிறது, சுவர் விரிகிறது. கடைசியில் அவனைச் சுவரோடு வைத்து அவள் உதைக்கும் அந்த நிற்காத உதை, கேமில் பட்டனை மடமடவென்று தட்டினால் வருமே, அதேதான். உதைத்து உதைத்துச் சுவரோடு அவனைப் பெயர்த்து வெளியே தள்ளுகிறாள். கேமில் பத்துப் பைசாவுக்குப் பெறாத சாதாரண அடி அது, குட்டிப் பையன்கூடப் பட்டனைத் தட்டித் தட்டி ஜெயித்துவிடுவான். இங்கே அதற்கு ஒரு உயிரின் விலை இருக்கிறது. சுன்-லி ஜெயிக்கிறாள், ஆனால் எழுந்து நிற்க முடியவில்லை.

ஜப்பானில் இந்தப் படத்தைவிடப் பெரிதாக ஓடியது அதன் பாட்டு. டெட்சுயா கொமுரோ இசையில் ரியோகோ ஷினோஹாரா பாடியது, 20 லட்சம் பிரதிக்கு மேல் விற்றது. ஆங்கிலப் பதிப்பு எடுத்தவர்கள் இந்த இசையைத் தூக்கிவிட்டு கோர்ன், ஆலிஸ் இன் செயின்ஸ் போன்ற ராக் குழுக்களைச் செருகினார்கள். ஒரே படம், இரண்டு மனநிலை. அங்கே ஏக்கம், இங்கே இரைச்சல். பெயர்க் குழப்பம் வேறு. ஜப்பானிய கேமில் குத்துச்சண்டைக்காரன் பெயர்தான் எம். பைசன். மைக் டைசனை நினைவூட்டுகிறது, வழக்கு வந்துவிடும் என்ற பயத்தில் அமெரிக்காவுக்கு அனுப்பும்போது மூன்று வில்லன்களின் பெயர்களையும் சீட்டு போலக் கலைத்து மாற்றிப் போட்டார்கள். அதனால் ஜப்பானியப் பதிப்பில் பெரிய வில்லன் வேகா, நகக்காரன் பால்ராக். டப்பிங்கைப் பார்த்துவிட்டு மூலத்தைப் பார்ப்பவன் தலையைச் சொறிவான். படத்தில் வரும் ஃபெய் லாங் என்ற வீரனுக்கு ஆங்கிலத்தில் குரல் கொடுத்தவர் பிரையன் கிரான்ஸ்டன். பின்னாளில் 'பிரேக்கிங் பேட்' தொடரில் உலகப் புகழ் பெற்றாரே, அவரேதான்.

திரும்ப 'வி' தொடருக்கு வருவோம். இதையும் சுகிய்தான் இயக்கினார், 29 பாகம். ரியூவுக்கும் கென்னுக்கும் இதில் பதினேழு வயது. அமெரிக்காவில் மதுக்கடைச் சண்டையொன்றில் ராணுவ வீரன் கைலிடம் செமத்தியாக அடி வாங்கி, உலகத்தில் இன்னும் எத்தனை பலசாலிகள் இருக்கிறார்கள் என்று பார்க்கக் கிளம்புகிறார்கள். ஹாங்காங்கில் அவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டும் பெண்தான் சுன்-லி. அவளுடைய அப்பா போலீஸ் அதிகாரி, பெயர் டோராய். நம் காதுக்கு அது துரை என்றுதான் கேட்கும், இன்ஸ்பெக்டர் துரை என்றே நான் மனதுக்குள் வைத்துக்கொண்டேன். ஹடோ என்ற சக்தியைக் கற்க இரண்டு பையன்களும் இந்தியாவுக்கு வருகிறார்கள், குரு டால்சிம். கேமில் நெருப்பைத் துப்பி, கையை ரப்பர் போல நீட்டும் அந்த யோகி இங்கே தியானம் சொல்லிக்கொடுக்கும் துறவி. கேமில் பட்டனுக்குப் பின்னால் எந்த ரகசியமும் கிடையாது. டிவிக்கு ஒரு ரகசியம் தேவைப்பட்டது, ரகசியம் என்றாலே இந்தியாவுக்கு அனுப்பிவிடு என்பது அந்தக் காலக் கற்பனை. நமக்குச் சிரிப்பு வரும். சவுத் டவுனைப் பார்த்த அமெரிக்கனுக்கும் வந்திருக்கும்.

மற்றவற்றை ஒரு ஓட்டமாகச் சொல்லிவிடலாம். 1993 டிசம்பர் 23-ல் வந்த 'ஆர்ட் ஆஃப் ஃபைட்டிங்' ஸ்பெஷலில் இரண்டு கராத்தே வீரர்கள் காணாமல்போன பூனையைத் தேடிப் போய்த் தாதாக்களிடம் மாட்டுகிறார்கள், இந்த ரகத்திலேயே இதமான படம் இதுதான். 'சாமுராய் ஷோடவுன்' ஸ்பெஷலைப் பெரும்பாலும் அதன் ஆங்கில டப்பிங்கின் கொடுமைக்காகவே நினைவு வைத்திருக்கிறார்கள். 1998-ல் வீடியோவாக வந்த 'டெக்கன்' தன்னை ரொம்ப இருட்டான, தீவிரமான கதையாக நினைத்துக்கொள்கிறது, அப்பனே மகனை மலையுச்சியிலிருந்து எறிகிறான். நடுவில் டைனோசர்கள் வருகின்றன. கேமில் குத்துச்சண்டைக் கையுறை போட்ட டைனோசர் ஒன்று உண்டு, அதை எப்படி விட முடியும்? விசுவாசம் என்று முதலில் சொன்னேனே, அதன் உச்சம் இதுதான்.

கேமிலிருந்து படத்துக்குப் போனது மட்டும் இல்லை, படத்திலிருந்து கேமுக்கும் சரக்கு திரும்பி வந்தது. 1994 படத்தில் ஒரு பழைய நினைவு. பயிற்சியில் ரியூவின் நெற்றியில் அடிபட்டு ரத்தம் வருகிறது. கென் தன் தலைமுடியைக் கட்டியிருந்த சிவப்பு நாடாவை அவிழ்த்துக் கொடுக்கிறான். ரியூவின் தலையில் உலகமே பார்த்த சிவப்புப் பட்டி, நண்பன் தந்தது என்று ஆகிறது. கேமில் அது வெறும் சிவப்பு நிறம், திரையில் ஆள் பளிச்சென்று தெரியப் போட்ட சில புள்ளிகள். அடுத்த ஆண்டு காப்காம் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆல்ஃபா' கேமை விட்டபோது அதில் இளைய ரியூ வெள்ளைப் பட்டியோடும் இளைய கென் நீள முடியில் சிவப்பு நாடாவோடும் நின்றார்கள். ரியூவும் கென்னும் சேர்ந்து பைசனை அடிக்கும் படத்தின் இறுதிச் சண்டையைக்கூட அதில் ஒளித்துவைத்திருந்தார்கள்.

அந்த இறுதிச் சண்டையில் இருவரும் தோளோடு தோள் நின்று ஒரே நேரத்தில் ஹடோகென் விடுகிறார்கள், பைசன் ஒழிந்தான் என்று நாம் நினைக்கிறோம். கென் விடைபெற்றுக் கிளம்புகிறான். ரியூ மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆளில்லாத சாலையில் நடக்கிறான். பின்னாலிருந்து பெரிய லாரி ஒன்று அவனை நோக்கிச் சீறிக்கொண்டு வருகிறது. ஓட்டுவது பைசன். உலகத்தையே ஆள நினைத்தவன், மனதாலேயே ஆட்களைத் தூக்கி எறியக்கூடியவன், கடைசியில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு லாரி ஏற்ற வருகிறான். ரியூ திரும்பிப் பார்க்கிறான், லாரியை நோக்கித் தாவுகிறான், படம் முடிந்துவிடுகிறது.